கலப்பின நாய்களின் நுண்ணறிவும் பயிற்றுத்திறனும்

கலப்பின நாய் என்பது வெவ்வேறு இனங்களைச் சேர்ந்த பெற்றோருக்குப் பிறந்த நாயையோ, பல தலைமுறைக் கலப்பினால் உருவாகி எந்த இனப் பதிவேட்டிலும் இடம்பெறாத நாயையோ குறிக்கும். இத்தகைய நாய்களின் நுண்ணறிவும் பயிற்றுத்திறனும் விலங்கு நடத்தையியல், மரபியல், நாய்ப் பயிற்சி ஆகிய துறைகளில் ஆராயப்பட்டு வருகின்றன. கலப்பின நாய்கள் தூய இன நாய்களை விட அறிவு மிக்கவை என்று ஒரு நம்பிக்கையும், அவற்றைப் பழக்குவது கடினம் என்று அதற்கு நேர்மாறான நம்பிக்கையும் மக்களிடையே உள்ளன. இவ்விரண்டில் எதையும் பொது விதியாக ஏற்பதற்கு ஆய்வுகள் இடம் தருவதில்லை. ஒரு நாய் எவ்வளவு விரைவாகக் கற்கும் என்பதை அதன் இனப்பெயர் ஓரளவுக்கே காட்டுகிறது. தனி நாயின் இயல்பு, குட்டிப்பருவ வளர்ப்பு, பெற்ற பயிற்சி ஆகியவை அதில் பெரும்பங்கு வகிக்கின்றன.

வகைகள்

கலப்பின நாய்கள் அனைத்தும் ஒரே தன்மையுடையவை அல்ல. அவை உருவான விதத்தைக் கொண்டு பின்வருமாறு பிரிக்கலாம்.

முதல் தலைமுறைக் கலப்பு: இரண்டு தூய இனங்களை மனிதர் திட்டமிட்டு இணைத்துப் பெறும் குட்டிகள். லாப்ரடார், பூடில் ஆகியவற்றின் கலப்பான லாப்ரடூடில் இதற்கு எடுத்துக்காட்டாகும்.

பணிக்கலப்பு: தோற்றத்தைப் பொருட்படுத்தாமல் வேலைத்திறனை மட்டும் நோக்கி வளர்க்கப்படுபவை. பனிச்சறுக்கு வண்டிகளை இழுக்கும் அலாஸ்கன் ஹஸ்கி, கிரேஹவுண்ட் போன்ற வேட்டை நாய்களை மேய்ப்பு நாய்களுடனோ டெரியர்களுடனோ கலந்து பெறப்படும் லர்ச்சர் ஆகியவை இவ்வகையின.

பல்கலப்பு: பெற்றோர் யாவர் என்பது அறியப்படாத, பல இனங்களின் மரபுக்கூறுகளைக் கொண்ட நாய்கள். மேலைநாடுகளின் விலங்குக் காப்பகங்களில் இவையே மிகுதி.

தெருநாய்கள்: இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் தெருக்களிலும் ஊர்ப்புறங்களிலும் வாழும் நாய்களும் பேச்சு வழக்கில் கலப்பினம் எனப்படுகின்றன. இது முற்றிலும் சரியன்று. இவற்றுள் பல, அண்மைக்கால இனங்கள் கலந்து உருவானவை அல்ல; இனப் பதிவேடுகள் தோன்றுவதற்கு முன்பிருந்தே மனிதக் குடியிருப்புகளைச் சார்ந்து தாமாக இனப்பெருக்கம் செய்து வருபவை. நகரங்களில் இவற்றோடு வளர்ப்பு இனங்களும் கலந்துள்ளன. தமிழில் 'நாட்டு நாய்' என்ற சொல் இத்தெருநாய்களையும், இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்ற தனி இனங்களையும் ஒருங்கே குறிப்பதால் குழப்பம் நேர்கிறது. பின்னவை கலப்பினங்கள் அல்ல.

'தூய இனம்' என்ற கருத்தும் பழமையானதன்று. இலண்டனில் 1873 ஆம் ஆண்டிலும் ஐக்கிய அமெரிக்காவில் 1884 ஆம் ஆண்டிலும் நாய் இனங்களைப் பதிவு செய்யும் கழகங்கள் தோன்றின. இன்றுள்ள இனங்களில் பெரும்பாலானவற்றின் வரையறைகள் அக்காலத்தை ஒட்டியோ அதற்குப் பின்னரோ எழுதப்பட்டவை.

நுண்ணறிவும் பயிற்றுத்திறனும்

இவ்விரு சொற்களும் ஒரே பொருளில் கையாளப்படினும் அவை வேறானவை. நுண்ணறிவு என்பது நினைவாற்றல், சிக்கல் தீர்த்தல், பிறரின் சைகைகளைப் புரிந்துகொள்ளுதல், தன்னடக்கம் முதலிய பல திறன்களின் தொகுப்பாகும். பயிற்றுத்திறன் என்பது மனிதரின் கட்டளைகளைக் கற்று நிறைவேற்றுவதில் நாய் காட்டும் ஆர்வத்தையும் இணக்கத்தையும் குறிக்கும். கதவின் தாழ்ப்பாளைத் தானே திறக்கக் கற்றுக்கொண்ட ஒரு நாய், 'உட்கார்' என்ற கட்டளைக்குப் பணியாமல் இருக்கக்கூடும். அதற்கு அறிவு குறைவு என்பது இதன் பொருளன்று; மனிதரின் விருப்பத்திற்கு இணங்குவதில் நாட்டம் குறைவு என்பதே பொருள்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக உளவியலாளரான ஸ்டான்லி கோரென், நாய்களின் நுண்ணறிவு குறித்து 1994 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அதனை மூன்றாகப் பிரித்தார்.

உள்ளுணர்வு நுண்ணறிவு: மேய்த்தல், காவல் காத்தல், வேட்டைப்பொருளை எடுத்து வருதல் போன்று எந்தப் பணிக்காக அந்த இனம் வளர்க்கப்பட்டதோ அதைச் செய்யும் திறன்.

தகவமைப்பு நுண்ணறிவு: நாய் தன் சூழலிலிருந்து தானாகக் கற்றுச் சிக்கல்களைத் தீர்க்கும் திறன்.

பணி மற்றும் கீழ்ப்படிதல் நுண்ணறிவு: மனிதர் கற்பிப்பதைக் கற்றுக்கொள்ளும் திறன்.

கோரெனின் தரவரிசை

நாய் இனங்களின் 'அறிவுப் பட்டியல்' என்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது கோரென் தொகுத்த தரவரிசையாகும். ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் கீழ்ப்படிதல் போட்டி நடுவர்களிடம் கருத்துக் கேட்டு இது உருவாக்கப்பட்டது. இதில் பார்டர் கோலி முதலிடத்தையும், பூடில் இரண்டாமிடத்தையும், ஜெர்மன் ஷெப்பர்டு மூன்றாமிடத்தையும் பெற்றன. ஆப்கன் ஹவுண்ட் கடைசியில் இடம்பெற்றது. முன்னணி இனங்கள் ஒரு புதிய கட்டளையை 5 முறைக்குள் கற்றுக்கொள்ளும் என்றும், கடைசி நிலையிலுள்ளவற்றுக்கு 80 முதல் 100 முறைகள் வரை தேவைப்படலாம் என்றும் கோரென் மதிப்பிட்டார்.

இப்பட்டியலில் கலப்பின நாய்கள் இல்லை. அவற்றின் திறன் குறைவு என்பது இதற்குக் காரணமன்று. பட்டியல் இன அடிப்படையில் அமைந்தது. மேலும் அமெரிக்க கென்னல் கழகத்தின் போட்டிகளில் அக்காலத்தில் அவற்றுக்கு அனுமதியே இருக்கவில்லை. அக்கழகம் கலப்பின நாய்களுக்கான பதிவுத் திட்டத்தை 2009 ஆம் ஆண்டில் தொடங்கி, 2010 ஆம் ஆண்டு முதல் கீழ்ப்படிதல், சுறுசுறுப்பு முதலிய போட்டிகளில் அவற்றைப் பங்கேற்கச் செய்தது. மேலும், இத்தரவரிசை மூன்று வகை நுண்ணறிவுகளில் கடைசி வகையை மட்டுமே அளவிடுகிறது. மனிதரை எதிர்பாராமல் தொலைவில் ஓடி வேட்டையாடும் நாய்கள் இதில் பின்தங்குவது இயல்பே.

மரபியல் அடிப்படை

ஐக்கிய அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோர் நாய்களின் நடத்தை மரபியல் குறித்துப் பல ஆண்டுகள் ஆய்வு நடத்தி, 1965 ஆம் ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டனர். பசெஞ்சி, பீகிள், காக்கர் ஸ்பானியல், ஷெட்லாந்து மேய்ப்பு நாய், கம்பிமயிர் ஃபாக்ஸ் டெரியர் ஆகிய ஐந்து இனங்களின் குட்டிகள் ஒரே விதமாக வளர்க்கப்பட்டுச் சோதிக்கப்பட்டன. பசெஞ்சியும் காக்கர் ஸ்பானியலும் கலக்கப்பட்டு, அவற்றின் வழித்தோன்றல்களும் ஆராயப்பட்டன. இவ்வாய்விலிருந்து இரண்டு முடிவுகள் கிடைத்தன. ஒன்று, எல்லாச் சிக்கல் தீர்க்கும் சோதனைகளிலும் ஒருசேரச் சிறந்து விளங்கிய இனம் எதுவும் இல்லை. மற்றொன்று, கலப்புக் குட்டிகள் எல்லாப் பண்புகளிலும் பெற்றோருக்கு நடுவே அமையவில்லை. சில பண்புகளில் ஒரு பெற்றோரை ஒத்தும், வேறு சில பண்புகளில் மற்றொரு பெற்றோரை ஒத்தும் இருந்தன.

நாயின் தோற்றம் ஒப்பீட்டளவில் மிகச் சில மரபணுக்களால் தீர்மானிக்கப்படுகிறது. வளர்ப்பு இனங்களில் காணப்படும் மயிரின் நீளம், சுருள், முகமயிர் ஆகிய வேறுபாடுகளில் பெரும்பகுதியை மூன்று மரபணுக்களின் மாற்றங்களைக் கொண்டே விளக்கலாம் என 2009 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது. நடத்தையோ பல மரபணுக்களின் சிறுசிறு விளைவுகள் ஒன்றுசேர்வதாலும், அவற்றோடு சூழல் இணைவதாலும் உருவாவது. ஆகவே, ஒரு கலப்பின நாய் தோற்றத்தில் ஒரு மூதாதையையும் குணத்தில் வேறொரு மூதாதையையும் ஒத்திருப்பதில் வியப்பில்லை.

இத்துறையில் குறிப்பிடத்தக்க ஆய்வொன்று 2022 ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' இதழில் வெளியானது. இதில் 18,385 நாய்கள் குறித்து அவற்றின் உரிமையாளர்கள் அளித்த விடைகளும், 2,155 நாய்களின் டி.என்.ஏ. தரவுகளும் பயன்படுத்தப்பட்டன. ஆராயப்பட்ட நாய்களில் ஏறத்தாழ பாதி கலப்பினத்தவை. தனி நாய்களுக்கு இடையே காணப்படும் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டையே இனத்தைக் கொண்டு விளக்க முடியும் என்பது இதன் முதன்மையான முடிவாகும். ஆயினும், கட்டளைக்கு இணங்கும் தன்மை மற்றப் பண்புகளை விட இனத்தோடு கூடுதலாகத் தொடர்புடையதாக இருந்தது. மூதாதை இனங்களை அறிந்தால் இப்பண்பை ஓரளவு கணிக்கலாம். எவ்வளவு எளிதில் அச்சுறுத்தலுக்கு எதிர்வினை காட்டும் என்பதைப் பொறுத்தவரை இனம் ஏறக்குறைய எதையும் தெரிவிக்கவில்லை.

கலப்பு வீரியம்

நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் செய்யப்பட்ட இரு வழிமரபுகளைக் கலக்கும்போது, முதல் தலைமுறை உடல்நலத்திலும் வளர்ச்சியிலும் மேம்பட்டிருப்பது கலப்பு வீரியம் எனப்படும். பயிர்களிலும் கால்நடைகளிலும் இது நன்கு அறியப்பட்ட நிகழ்வாகும். இரு பெற்றோரிடமிருந்தும் ஒரே குறைபாட்டு மரபணு வந்து சேரும் வாய்ப்பு குறைவதே இதற்கு முக்கிய காரணம். இதனை அடிப்படையாகக் கொண்டு கலப்பின நாய்கள் அறிவிலும் மேம்பட்டவை எனச் சிலர் முடிவு செய்கின்றனர். உடல்நலம் பற்றிய ஒரு விதியை நுண்ணறிவுக்கு நீட்டிப்பது பொருந்தாது.

தோற்றத்தைக் கொண்டு இனத்தைக் கணித்தல்

காப்பகத்திற்கு வரும் ஒரு நாயைப் பார்த்தவுடன், 'இது லாப்ரடார் கலப்பு' என்றோ 'டெரியர் கலப்பு' என்றோ பெயரிடுவது வழக்கம். அப்பெயரைக் கொண்டே அதன் குணமும் பயிற்றுத்திறனும் ஊகிக்கப்படுகின்றன. இப்பெயர்கள் எவ்வளவு சரியானவை என்பது டி.என்.ஏ. சோதனைகள் வந்த பின்னர் ஆராயப்பட்டது. 2009 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் 20 நாய்களைக் கொண்டு நடந்த ஒரு சிறிய ஆய்வில், காப்பகங்கள் கூறிய இனங்கள் பெரும்பாலான நாய்களின் டி.என்.ஏ. முடிவுகளோடு பொருந்தவில்லை. 2018 ஆம் ஆண்டில் இரண்டு அமெரிக்கக் காப்பகங்களில் 900-க்கும் மேற்பட்ட நாய்கள் சோதிக்கப்பட்டன. பணியாளர்கள் கூறியவற்றுள் ஓர் இனமாவது சரியாக அமைந்தவை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. ஒன்றுக்கு மேற்பட்ட இனங்களைச் சரியாகக் கூற முடிந்தவை பத்தில் ஒரு பங்கு மட்டுமே.

பிழையான பெயரால் விளைவுகள் ஏற்படுகின்றன. முரட்டு இனமாகக் கருதப்படும் ஒன்றின் பெயர் ஒட்டப்பட்ட நாய், அதன் குணம் எத்தகையதாயினும், தத்தெடுக்கப்படாமல் நீண்ட காலம் காப்பகத்தில் தங்க நேரிடுகிறது. ஐக்கிய இராச்சியத்தின் 1991 ஆம் ஆண்டு ஆபத்தான நாய்கள் சட்டத்தின்கீழ், ஒரு நாய் தடை செய்யப்பட்ட 'வகை'யைச் சேர்ந்ததா என்பது பெரிதும் அதன் உடலமைப்பைக் கொண்டே முடிவு செய்யப்படுகிறது. இந்திய ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் 23 இனங்களையும் அவற்றின் கலப்புகளையும் தடை செய்யுமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அதனைக் கர்நாடக உயர்நீதிமன்றம் அதே ஆண்டு ஏப்ரலில் இரத்துச் செய்தது. 'கலப்பு' எது என்பதைக் கண்ணால் உறுதி செய்ய முடியாத நிலையில், இத்தகைய விதிகளை நடைமுறைப்படுத்துவது கடினமாகும்.

ஒப்பீட்டு ஆய்வுகள்

ஹங்கேரியின் புடாபெஸ்டிலுள்ள எட்வெஷ் லோரான்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஜெர்மனியில் வாழும் 7,700 தூய இன நாய்களையும் 7,691 கலப்பின நாய்களையும் பற்றிய வினாத்தாள் விடைகளை ஒப்பிட்டு 2017 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். உரிமையாளர்களின் கூற்றுப்படி, கலப்பின நாய்கள் அமைதியில் குறைந்தும் சிக்கலான நடத்தைகளில் மிகுந்தும் காணப்பட்டன. பயிற்றுத்திறனில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் இரு பிரிவு நாய்களும் ஒரே விதமாக வளர்க்கப்படவில்லை. கலப்பின நாய்கள் பெற்ற பயிற்சி குறைவாக இருந்தது. அவற்றில் கருத்தடை செய்யப்பட்டவை அதிகம். இத்தகைய வேறுபாடுகளைக் கணக்கில் கொண்டு திருத்திய பின்னர், கலப்பின நாய்களே கூடுதல் பயிற்றுத்திறன் உடையவையாகத் தெரிந்தன. அமைதிக் குறைவும் சிக்கலான நடத்தையும் திருத்தத்திற்குப் பின்னரும் நீடித்தன. இவை உரிமையாளர்களின் மதிப்பீடுகளே அன்றி நேரடிச் சோதனைகள் அல்ல என்பது கருத்தில் கொள்ளத்தக்கது.

பின்லாந்தில் சுமார் ஆயிரம் நாய்களுக்கு நேரடிச் சோதனைகள் நடத்தி 2022 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வில், மனிதச் சைகைகளைப் புரிந்துகொள்ளுதல், தன்னடக்கம், தடையைச் சுற்றிச் சென்று இலக்கை அடைதல் ஆகியவற்றில் இனங்களுக்கிடையே வேறுபாடு காணப்பட்டது. குறுகியகால நினைவாற்றலிலும் தருக்கத் திறனிலும் வேறுபாடு காணப்படவில்லை.

பொருள்களின் பெயர்களைக் கற்கும் அரிய திறன் பெற்ற 41 நாய்களைப் பற்றி, மேற்குறித்த புடாபெஸ்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023 ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டனர். இந்நாய்கள் 9 நாடுகளைச் சேர்ந்தவை. பெரும்பாலானவை பார்டர் கோலிகள். எனினும் பொமரேனியன், பெக்கினீஸ் போன்ற சிறு இனங்களும் சில கலப்பின நாய்களும் இவற்றுள் அடங்கும்.

கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள், எந்தப் பயிற்சியும் பெறாத தெருநாய்களைச் சோதித்து 2020 ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அறிமுகமில்லாத ஒருவர் மூடப்பட்ட இரண்டு கிண்ணங்களில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். சோதிக்கப்பட்ட 160 நாய்களில் ஏறத்தாழ பாதி கிண்ணங்களை நெருங்கவில்லை. இவை அச்சமும் பதற்றமும் கொண்டிருந்தன. நெருங்கிய நாய்களில் சுமார் 80 விழுக்காடு சுட்டிய கிண்ணத்தையே தேர்ந்தெடுத்தன. மனிதச் சைகையைப் பின்பற்றும் திறன் பயிற்சியால் மட்டும் வருவதன்று என்பதை இது காட்டுகிறது. அச்சம் இருக்குமிடத்தில் அத்திறன் வெளிப்பட வாய்ப்பில்லை என்பதும் இதிலிருந்து பெறப்படுகிறது.

பணிகளில் கலப்பின நாய்கள்

விண்வெளி ஆய்வு: சோவியத் ஒன்றியத்தின் விண்வெளித் திட்டத்தில் மாஸ்கோ தெருக்களிலிருந்து பிடிக்கப்பட்ட கலப்பின நாய்கள் பயன்படுத்தப்பட்டன. குளிரையும் பசியையும் தாங்கிப் பழகியவை என்பதால் இவை தேர்ந்தெடுக்கப்பட்டன. படிப்படியாகச் சிறிதாகும் கூண்டுகளில் 20 நாட்கள் வரை இருக்கவும், சுழலியின் விசையைத் தாங்கவும், கூழ் வடிவ உணவை உண்ணவும் இவை பழக்கப்பட்டன. 1957 நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக் 2 விண்கலத்தில் ஏவப்பட்ட லைக்கா, புவியைச் சுற்றிவந்த முதல் விலங்காகும். அக்கலம் திரும்பி வரும் வகையில் அமைக்கப்படவில்லை. லைக்கா ஏவப்பட்ட சில மணி நேரத்திலேயே மிகு வெப்பத்தால் இறந்தது என்ற உண்மை 2002 ஆம் ஆண்டில்தான் வெளியாயிற்று. 1960 ஆகத்தில் சென்ற பெல்கா, ஸ்ட்ரெல்கா ஆகிய நாய்கள் புவியைச் சுற்றி உயிருடன் திரும்பின.

வழிகாட்டி நாய்கள்: பார்வையற்றோருக்கு உதவும் நாய்களை உருவாக்கும் அமைப்புகளில் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் ஆகியவற்றின் கலப்பு பரவலாகப் பயன்படுகிறது. ஆஸ்திரேலியாவின் வழிகாட்டி நாய் அமைப்பில் பணியாற்றிய வாலி கோன்ரன், 1980-களின் இறுதியில் லாப்ரடூடில் நாயை உருவாக்கினார். ஹவாயில் வாழ்ந்த பார்வையற்ற பெண் ஒருவரின் கணவருக்கு நாய் மயிரால் ஒவ்வாமை இருந்தமையே இதற்குக் காரணம். பிறந்த 3 குட்டிகளில் ஒன்று மட்டுமே அவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே ஈற்றில் பிறந்த கலப்புக் குட்டிகளும் ஒன்றுபோல் அமைவதில்லை என்பதற்கு இது சான்றாகும். வணிக நோக்கில் இக்கலப்பு பெருகியதைக் கண்டு, அதனை உருவாக்கியதற்காக வருந்துவதாகக் கோன்ரன் 2019 ஆம் ஆண்டில் கூறினார்.

வண்டி இழுத்தல்: அலாஸ்காவில் 1973 ஆம் ஆண்டு முதல் நடைபெறும் இடிடரோட் நெடும்பந்தயத்தில் ஓடும் நாய்களில் பெரும்பாலானவை அலாஸ்கன் ஹஸ்கிகள். வேகம், தாங்குதிறன், வேலையில் ஆர்வம் ஆகியவற்றுக்காகவே இவை பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வருகின்றன.

பயிற்சி

கலப்பின நாய்களுக்கெனத் தனிப் பயிற்சி முறை ஏதும் இல்லை. எல்லா நாய்களும் விளைவைக் கொண்டே கற்கின்றன. நற்பயன் தந்த செயலை மீண்டும் செய்கின்றன. எனினும், மூதாதையும் இளமைப்பருவமும் அறியப்படாத நாயைப் பழக்கும்போது பின்வருவன கவனிக்கத்தக்கவை.

சமூகப் பழக்கம்: குட்டிகளுக்குச் சுமார் 3 முதல் 12 வாரங்கள் வரையிலான காலம் முதன்மையானது. இக்காலத்தில் மனிதரையும் பிற விலங்குகளையும் பல்வகை ஒலிகளையும் அச்சமின்றிச் சந்தித்த குட்டி, பின்னாளில் எளிதில் பழகும். காப்பகத்திலிருந்து வரும் நாய்களில் பல இவ்வாய்ப்பைப் பெறாதவை. மந்தமானது எனக் கருதப்படும் நாய் உண்மையில் அஞ்சிக்கொண்டிருக்கலாம். எனவே புதிய வீட்டில் அது நிலைகொள்ளும் வரை பொறுத்திருந்து, பின்னர் கட்டளைகளைக் கற்பிப்பது நன்று.

ஊக்கப்பொருள்: சில நாய்கள் உணவுக்கும், சில பந்துக்கும், வேறு சில மோப்பம் பிடித்துத் திரியும் விடுதலைக்கும் உழைக்கும். இதனை இனப்பெயரிலிருந்து ஊகிப்பதை விட, நாயைக் கவனித்து அறிவதே மேலானது.

கால அளவு: சில நிமிடங்களே நீடிக்கும் குறும்பயிற்சிகளை நாளொன்றுக்குச் சில முறை அளிப்பது, நீண்ட பயிற்சியை விடப் பயன்தரும். வெகுமதியை நாய் சரியாகச் செய்த கணத்திலேயே அளித்தல் வேண்டும். தாமதமானால், இடையில் செய்த வேறொரு செயலுக்கான வெகுமதியாக நாய் அதனைக் கொள்ளும்.

ஒருமைப்பாடு: ஒரு செயலுக்கு வீட்டிலுள்ள அனைவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். ஒருவர் 'உட்கார்' என்றும் மற்றொருவர் 'சிட்' என்றும் கூறினால் கற்றல் தாமதப்படும்.

தண்டனை: போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களைக் கொண்டு நடந்து 2020 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், தண்டனை முறைகளைக் கையாண்ட பள்ளிகளின் நாய்கள், வெகுமதி முறையில் பயின்றவற்றை விடக் கூடுதல் மன அழுத்த அறிகுறிகளைக் காட்டின. ஏற்கெனவே மனிதரால் துன்புறுத்தப்பட்டிருக்கக்கூடிய நாய்களுக்கு இது மேலும் பொருந்தும்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்ற பழமொழி நாய்களுக்கு முழுமையாகப் பொருந்துவதில்லை. வளர்ந்த நாய்களும் புதிய கட்டளைகளைக் கற்கின்றன. இளமையில் வேரூன்றிய அச்சத்தைப் போக்குவதற்கே நீண்ட காலம் தேவைப்படுகிறது.

தனி நாயை மதிப்பிடுதல்

தத்தெடுக்க எண்ணுவோர், இனப்பெயரைக் கேட்பதை விட நாயோடு நேரம் செலவிட்டு அறிவது பயனுள்ளது. அறிமுகமற்றவரை அது தானாக அணுகுகிறதா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்க்கிறதா, திடீர் ஒலிக்குப் பின் எவ்வளவு விரைவில் இயல்புநிலைக்குத் திரும்புகிறது, ஓர் எளிய செயலுக்கு வெகுமதி அளித்தால் மீண்டும் செய்கிறதா ஆகியவற்றைக் கவனிக்கலாம். காப்பகத்தின் இரைச்சலில் நாய் தன் இயல்பான நிலையில் இருக்காது என்பதால், ஒரு முறைக்கு மேல் சென்று பார்ப்பது நல்லது. துணியால் மூடப்பட்ட உணவை எடுக்கச் செய்தல் போன்ற வீட்டுச் சோதனைகள் நாயைப் பற்றி அறிய உதவினும், பசி, களைப்பு, முன்பழக்கம் ஆகியவற்றால் அவற்றின் முடிவு மாறக்கூடியது.

இவற்றையும் பார்க்க

நாய்
செயற்கைத் தேர்வு
கலப்பு வீரியம்
லைக்கா
வழிகாட்டி நாய்
இராசபாளையம் நாய்